நச்சு வாயுவும் கிருமியும்: பயங்கரவாதிகள் ஏன் நாடுகிறார்கள், ஏன் பெரும்பாலும் நாடுவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயன, உயிரி ஆயுதப் பயங்கரவாதம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வந்து நிற்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். உதாரணங்களில் பாதிக்கு மேல் ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ மதக்குழுவைச் சேர்ந்தவை. வாக்குமூலம், நீதிமன்றப் பதிவு, சிறையில் எடுத்த பேட்டிகள் என்று இவ்வளவு விரிவாகப் பதிவான வழக்கு இந்தத் துறையில் வேறில்லை. செய்முறை தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

1995-இல் டோக்கியோவில் நடந்தது என்ன?

மார்ச் 20, திங்கட்கிழமை. காலை எட்டு மணி, அலுவலக நெரிசல். மூன்று சுரங்க ரயில் தடங்களில் ஐந்து ரயில்களில் ஐந்து பேர் ஏறினார்கள். எல்லா ரயில்களும் கசுமிகசெகி நிலையத்தைத் தொட்டுச் செல்பவை. ஜப்பானிய அமைச்சகங்களும் தேசியக் காவல் தலைமையகமும் இருக்கும் இடம் அது. ஐவரும் செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைக் காலடியில் போட்டுக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். பைகளில் இருந்தது சாரின் என்னும் நரம்பு நச்சு.

அந்த ஐவரில் ஒருவர் இக்குவோ ஹயாஷி, அனுபவமுள்ள இதய அறுவை மருத்துவர். மற்ற நால்வரும் இயற்பியலும் பொறியியலும் படித்தவர்கள். கசுமிகசெகி நிலையத்தின் துணை அதிகாரி கசுமாசா தகஹாஷி, பெட்டியில் ஏதோ கசிகிறது என்று கேள்விப்பட்டு வந்து, பொட்டலத்தை எடுத்து அப்புறப்படுத்தித் தரையைத் துடைத்தார். அன்றே இறந்துபோனார். ஹிபியா தடத்தில் ஒரு ரயிலில் பயணி ஒருவர், நாற்றம் தாங்காமல், கசிந்த பொட்டலத்தைக் காலால் நடைமேடைக்குத் தள்ளிவிட்டார். யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடிய காரியம்தான். அதனால் நச்சு நடைமேடையில் நின்றவர்களுக்கும் பரவியது.

இறந்தவர்கள் 13 பேர். கால் நூற்றாண்டு படுக்கையில் கிடந்த ஒரு பெண் 2020-இல் இறந்தபோது எண்ணிக்கை 14 ஆனது. பாதிக்கப்பட்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல்.

ஏன் செய்தார்கள்?

நேரடிக் காரணம் சாதாரணமானது. இரண்டொரு நாளில் போலீஸ் சோதனைக்கு வரப்போகிறது என்று குழுவுக்குத் தெரிந்துவிட்டது. தலைநகரத்தைக் கலக்கிவிட்டால் போலீஸின் கவனம் வேறு பக்கம் போகும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. மார்ச் 22 அன்று சுமார் 2,500 போலீஸார் குழுவின் இடங்களுக்குள் புகுந்தார்கள். வாயு இருந்தால் முதலில் தெரியட்டும் என்று கூண்டில் கேனரிப் பறவைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடந்த காட்சியை நாடே டிவியில் பார்த்தது.

ஆனால் சாரினைச் செய்து கையில் வைத்திருந்தது ஏன் என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. அதற்குப் பத்து ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

குழுவை நிறுவிய குரு ஷோகோ அசஹாரா பார்வைக் குறைபாடு உள்ளவர். பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். 1984-இல் யோகா வகுப்பு நடத்த ஆரம்பித்தார். இமயமலைக்கு வந்து ஞானம் பெற்றதாகச் சொல்லிக்கொண்டார். 1989-இல் குழுவுக்கு மத நிறுவன அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், குழுவுக்கு எதிராக வழக்குகளைத் திரட்டிக்கொண்டிருந்த வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோவை, மனைவியோடும் ஒரு வயது மகனோடும், சீடர்கள் கொன்று புதைத்தார்கள். 1990 பிப்ரவரியில் அசஹாராவும் சீடர்களுமாக 25 பேர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்கள். குருவின் முகமூடியை மாட்டிக்கொண்டு தெருவில் ஆடிப்பாடி வாக்குக் கேட்டார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை. குருவுக்கே கிடைத்தது 1,783 வாக்கு.

அந்தத் தோல்விக்குப் பின் போதனையின் திசை மாறியது. உலகத்தைக் காப்பாற்றுவது போய், உலகம் அழியும்போது நாம் மட்டும் மிஞ்சுவது எப்படி என்பது பேச்சானது. சில மாதங்களிலேயே பாட்டுலினம் நச்சைப் பரப்பும் முதல் முயற்சி நடந்தது, பலிக்கவில்லை. கெட்ட கர்மத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பவனைக் கொல்வது அவன் ஆன்மாவை மேலே அனுப்பும் உபகாரம் என்ற போதனையும் கூடவே வளர்ந்தது. கொலையைப் புண்ணியமாக்கிவிட்டால் படித்தவனின் கை நடுக்கம் நின்றுவிடும்.

என் பார்வையில், இந்தக் குழுவின் நோக்கம் எப்போதும் இரண்டு அடுக்காக இருந்தது. மேலடுக்கில் பிரளயம். கீழே வழக்கு, நிலத்தகராறு, போலீஸ், தேர்தல் அவமானம். 1994 ஜூன் 27 இரவு மட்சுமோட்டோ நகரில் சாரினைப் பரப்பியபோது குறி வைத்தது, குழுவின் நிலவழக்கை விசாரித்த நீதிபதிகள் தங்கிய குடியிருப்பை. அன்று ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சிவில் வழக்கின் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதற்காக. பிரளயம் பற்றிய பேச்சை மட்டும் படித்துவிட்டு இவர்களைப் புரிந்துகொண்டதாக நினைப்பவர்கள் இந்தக் கீழடுக்கைத் தவறவிடுகிறார்கள்.

மதவெறிக் குழுக்கள்தான் இதைச் செய்யுமா?

இல்லை. 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிற்றூரில் 751 பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. பத்து உணவகங்களில் சாலட் வைக்கும் மேசைகளில் சால்மோனெல்லா கிருமி கலந்திருந்தது. செய்தவர்கள் ரஜ்னீஷ் ஆசிரமத்தின் நிர்வாகத்தில் இருந்த சிலர். தலைமை தாங்கியவர் மா ஆனந்த் ஷீலா. ஆசிரமம் மதம்தான், ஆனால் காரணம் மதம் அல்ல. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். உள்ளூர்க்காரர்கள் படுத்துவிட்டால் தங்கள் ஆட்கள் ஜெயிப்பார்கள். உணவகங்களில் நடந்தது ஒத்திகை. யாரும் சாகவில்லை, தேர்தலிலும் காரியம் நடக்கவில்லை. இன்னொரு விஷயம்: பரிமாறுபவர்களின் சுத்தக்குறைவே காரணம் என்றுதான் சுகாதாரத் துறை முதலில் முடிவுகட்டியது. ஆசிரமத்துக்குள் சண்டை வந்து ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்த பிறகே, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, உண்மை வெளியே வந்தது.

2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் கிருமியைப் பொடியாக உள்ளே போட்ட கடிதங்கள் வந்தன. 22 பேருக்குத் தொற்று, ஐந்து பேர் மரணம். அல்-காய்தாவாக இருக்கும் என்று பேசினார்கள். ஏழு ஆண்டு விசாரணைக்குப் பின் எஃப்பிஐ கை நீட்டியது ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்தில் அதே கிருமிக்குத் தடுப்பூசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த புரூஸ் ஐவின்ஸ் என்ற விஞ்ஞானியை. குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே 2008-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2011-இல் சொன்னது. எஃப்பிஐ சொல்வது சரியென்றால், இங்கே குழுவும் இல்லை, வேதமும் இல்லை. திறமையும் மனக்குறையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். எல்லைக்கு வெளியே எதிரியைத் தேடும் நாடுகளுக்கு இந்த வகை ஆள்தான் பெரிய தலைவலி.

இவ்வளவு பயங்கரமான ஆயுதம் என்றால் ஏன் அடிக்கடி நடப்பதில்லை?

பெரும்பாலான குழுக்களுக்கு இது தேவைப்படவில்லை என்பதே முதல் பதில். டோக்கியோ தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் ஒரு லாரி குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். அதைச் செய்தவர்களிடம் ஆராய்ச்சிக்கூடமோ முனைவர் பட்டக்காரர்களோ கிடையாது. ஓம் ஷின்ரிக்யோவிடம் சுமார் பத்தாயிரம் உறுப்பினர்கள், சொத்துகள், கம்பெனிகள், ஃபுஜி மலையடிவாரத்தில் பூஜை மண்டபம் போல முகப்பு வைத்து மறைத்த ஒரு முழு ரசாயனத் தொழிற்சாலை எல்லாம் இருந்தன.

ஆட்களைக் கொல்வதுதான் குறி என்றால் துப்பாக்கியும் வெடியும் எளிது. ஆகவே, நச்சையோ கிருமியையோ தேடிப் போகும் குழுவிடம் "இது எத்தனை பேரைக் கொல்லும்" என்ற கணக்கையும் தாண்டி வேறு ஏதோ ஆசை இருக்கிறது. அசஹாராவுக்கு அது ஆயுதத்தின் மேலேயே இருந்த மோகம். சாரினைப் பற்றி அவர் பிரசங்கத்திலேயே பேசினார், சீடர்கள் அதை வைத்துப் பாட்டுக்கூடப் பாடினார்கள்.

வேதியியல் படித்த ஒருவர் போதும் என்கிறார்களே?

நாளிதழ்களில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. ஓமின் கதை நேர்மாறாகச் சொல்கிறது.

1993 ஜூன் கடைசியில் டோக்கியோவின் கமெய்டோ பகுதியில் குடியிருந்தவர்கள் குமட்டும் நாற்றம் வருகிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். நாற்றம் ஓமின் எட்டு மாடிக் கட்டடத்து உச்சியிலிருந்து வந்தது. அதிகாரிகள் போனார்கள், உள்ளே விடவில்லை. சோயா எண்ணெயும் வாசனைத் திரவியமும் எரித்துக் கட்டடத்தைச் சுத்தி செய்கிறோம் என்று குழு விளக்கம் சொன்னது. சுற்றுச்சூழல் ஊழியர்கள் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த திரவத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தார்கள். அத்தோடு விஷயம் அடங்கிப்போனது.

அது ஆந்த்ராக்ஸ். மாடியிலிருந்து நாள்கணக்கில் நகரத்தின் மேல் தெளித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. எடுத்து வைத்த அந்த மாதிரியைப் பல ஆண்டுகள் கழித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது, கால்நடைத் தடுப்பூசியில் பயன்படும், நோய் உண்டாக்கும் வலு இழந்த வகை அது என்று தெரியவந்தது. குழுவின் உயிரியல் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். பணத்துக்கும் குறைவில்லை.

எங்கே தவறினார்கள் என்பதில் நுணுக்கமான பட்டியல் போடுவது இந்தப் பக்கத்தின் வேலை இல்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். ஆய்வகத் திறமையில் புத்தகத்தில் அடங்காத பங்கு நிறைய. கூட இருந்து பார்த்து, தப்பு செய்து, வெளியே நாலு பேரிடம் காட்டித் திருத்திக்கொண்டு வளர்வது அது. ரகசியக் குழு இந்த வழிகளையெல்லாம் தானே அடைத்துக்கொள்கிறது. அதோடு குருவின் ஆட்சியும் சேர்ந்தது. நாள் குறிப்பவர் அசஹாரா. இது ஆகாது, நாளாகும் என்று சொன்னால் பக்தி குறைவு என்று அர்த்தம். தோற்ற சோதனையை வெற்றி என்று சொல்ல வைக்கும் இடம் அது. தூக்கமில்லாமல், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, சில சமயம் போதைமருந்தும் கொடுத்து வேலை வாங்கினார்கள். எதிரி மதத் தலைவர் ஒருவரைக் கொல்ல சாரினோடு போனபோது, தாக்கப் போன சீடரே நச்சேறிச் சாகக் கிடந்தார்.

அரசுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி புரியும். சோவியத் யூனியனின் பயோப்ரெபராட் என்ற ரகசிய உயிரி ஆயுத அமைப்பில் பல்லாயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார்கள். அப்படியும் 1979-இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் ராணுவ ஆய்வகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து சொந்த ஊர் மக்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மக்கள் ஆதரவை நம்பியிருக்கும் இயக்கங்கள் இதைத் தொட்டதுண்டா?

உண்டு, நமக்குப் பக்கத்திலேயே. 1990 ஜூனில், இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய நாட்களில், மட்டக்களப்பு மாவட்டம் கிரானில் இருந்த இலங்கை ராணுவ முகாமின் மேல் விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். குளோரின், பக்கத்துக் காகித ஆலையில் இருந்து எடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டார்கள். காற்று திரும்பியதில் வாயு புலிகள் இருந்த பக்கமே வந்தது என்றும் பதிவுகள் சொல்கின்றன.

முகாமைச் சுற்றி வளைத்திருக்கிறார்கள், வெடிபொருள் போதவில்லை, பக்கத்தில் ஆலை இருக்கிறது. அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்ததுதான் அது. நான் கவனிப்பது அதற்குப் பிந்தைய பத்தொன்பது ஆண்டுகளை. கப்பல், விமானம், தற்கொலைப் படை என்று வளர்ந்த இயக்கம் அதைத் தன் வழக்கமான ஆயுதமாக்கிக்கொள்ளவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். புலம்பெயர்ந்த தமிழரிடம் நிதி, மேலை நாடுகளிடம் அங்கீகாரம், தமிழ்நாட்டில் அனுதாபம் மூன்றும் வேண்டியிருந்தது. நச்சு வாயு என்ற ஒரு வார்த்தை மூன்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடும். போதாததற்கு, சண்டை நடந்தது சொந்த மக்கள் குடியிருக்கும் மண்ணில். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் பாதிப்பு அவர்களுக்கே.

ஐஎஸ் அமைப்புக்கு இந்தத் தடை இல்லை. 2015, 2016-இல் ஈராக்கிலும் சிரியாவிலும் குளோரினையும் கடுகு வாயுவையும் அது பயன்படுத்தியது. நிலமும் பல்கலைக்கழக ஆய்வகங்களும் கையில் இருந்தன. அருவருப்பைச் சம்பாதிப்பதே அதன் விளம்பர உத்தி. அப்படிப்பட்ட அமைப்பே பெரும்பாலானவர்களைக் கொன்றது துப்பாக்கியாலும் குண்டாலும்தான்.

கொல்வதைவிடப் பயமுறுத்துவதுதான் நோக்கமா?

பல நேரம் அப்படித்தான். டோக்கியோவில் அன்று செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் 640 பேர் வந்தார்கள். அங்கிருந்த தேவாலயத்திலும் நோயாளிகளைப் படுக்கவைத்தார்கள். வந்தவர்களின் உடையில் இருந்த நச்சு மருத்துவர்களையும் செவிலியர்களையும் தொட்டது. நகரம் முழுக்க மருத்துவமனை ஏறியவர்களில் பெரும்பாலானோருக்குக் கடுமையான நச்சேற்றம் இல்லை. கண் இருண்டவர்கள், லேசாகத் தலை வலித்தவர்கள், தனக்கும் இருக்குமோ என்று பயந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்புக்குள் போயிருக்கிறதா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது?

2001 கடிதங்களும் அப்படியே. இறந்தவர் ஐந்து பேர்; ஆனால் வாஷிங்டனின் பெரிய அஞ்சல் பிரிப்பு மையம் ஒன்று இரண்டு ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. அதற்குப் பிறகு உலகம் பூராவும் மாவும் டால்கம் பவுடரும் போட்ட உறைகள் அலுவலகங்களைக் காலி செய்தன.

இதில் சங்கடமான ஒரு திருப்பம் இருக்கிறது. அல்-காய்தாவின் அய்மன் அல்-ஜவாஹிரி 1999-இல் எழுதிய குறிப்பு ஒன்று பின்னால் காபூலில் கிடைத்த கணினியில் இருந்தது. இந்த ஆயுதங்கள் எளிதில் தயாராகும் என்று எதிரிகள் திரும்பத் திரும்பக் கவலைப்பட்டதால்தான் நமக்கு இதன்மேல் கவனமே வந்தது என்று அதில் சொல்கிறார். "சமையலறையிலேயே செய்யலாம்" என்று தொலைக்காட்சியில் பேசும் நிபுணர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

ஜப்பான் போலீஸ் முன்கூட்டியே ஏன் பிடிக்கவில்லை?

பிடித்திருக்க முடியும். கோபம் வரவேண்டிய இடம் இதுதான்.

மட்சுமோட்டோவில் ஏழு பேர் இறந்ததும் போலீஸ் முதலில் சந்தேகித்தது, சம்பவத்தைத் தெரிவித்த யோஷியுகி கோனோவை. அவர் வீட்டில் ரசாயனங்கள் சில இருந்தன. அது போதுமானதாக இருந்தது. செய்தித்தாள்கள் அவரைக் கொலைகாரராகவே எழுதின. அவரும் நச்சில் சிக்கியவர். மனைவி சுமிகோ நினைவிழந்து கிடந்தார், 2008-இல் அப்படியே இறந்தார். டோக்கியோ தாக்குதலுக்குப் பிறகுதான் கோனோவிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

இதற்கு நடுவே, ஓம் தொழிற்சாலை இருந்த கமிகுயிஷிகி கிராமத்து மண்ணில் சாரினின் எச்சம் கிடைத்தது. 1995 ஜனவரி 1 அன்று யோமியுரி நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. உஷாரான குழு கையிருப்பை அவசரமாக அழித்தது. மார்ச்சில் பயன்படுத்தியது அதன்பின் அவசரத்தில் செய்த தரங்குறைந்த சரக்கு. சாவு எண்ணிக்கை இந்த அளவில் நின்றதற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம்.

போலீஸ் தயங்கியதற்கும் காரணம் உண்டு. போருக்கு முன் மதங்களை அரசு நசுக்கிய நினைவு ஜப்பானில் ஆழமானது. பதிவு பெற்ற மத நிறுவனத்தின் மேல் கை வைக்க யாரும் விரும்பவில்லை. மாகாணத்துக்கு மாகாணம் போலீஸ் தனித்தனி. சாரின் தயாரிப்பதைக் குற்றமாக்கிய சட்டமே 1995 ஏப்ரலில்தான் வந்தது. சகமோட்டோ குடும்பம் காணாமல்போன வீட்டில் ஓமின் சின்னம் பொறித்த பேட்ஜ் கிடந்தது. அதற்கும் ஆறு ஆண்டு கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன.

சர்வதேச ஒப்பந்தங்கள் தடுக்காதா?

அரசுகளை ஓரளவு தடுக்கும். 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுத ஒப்பந்தத்துக்கு ஹேக் நகரில் ஆய்வாளர்கள் உண்டு. 1975 முதல் அமலில் இருக்கும் உயிரி ஆயுத ஒப்பந்தத்துக்குச் சோதனை செய்ய அமைப்பே கிடையாது. குழுக்களைப் பொறுத்தவரை பயன்தருவது மூலப்பொருள் விற்பனை மீதான கண்காணிப்புதான். 2018-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ரிசின் நச்சு தயாரித்தவர் சிக்கியது அவர் இணையத்தில் வாங்கிய பொருட்களின் வழியாகத்தான்.

இணையமும் செயற்கை நுண்ணறிவும் வந்தபின் நிலைமை மாறிவிட்டதா?

தகவல் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. கைத்திறன், இடம், ரகசியம், நிறுவன ஒழுங்கு ஆகிய தடைகள் அதே வேகத்தில் குறையவில்லை. ஆனால் அவை என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதும் சரியல்ல. செயற்கை மரபணு விற்கும் நிறுவனங்கள் வாங்குபவரைச் சரிபார்ப்பதும், ஏஐ நிறுவனங்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் மறுப்பதும் அந்தக் கவலையில்தான்.

ஓம் ஷின்ரிக்யோ இன்று இருக்கிறதா?

அசஹாராவையும் சீடர்கள் பன்னிரண்டு பேரையும் 2018 ஜூலையில் இரண்டு நாட்களில் தூக்கிலிட்டார்கள். உண்மையைத் தானாக ஒப்புக்கொண்ட மருத்துவர் ஹயாஷிக்கு ஆயுள் தண்டனை. குழு 2000-இல் அலெஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2007-இல் அதிலிருந்து இன்னொன்று பிரிந்தது. இரண்டும் 1999-இல் வந்த தனிச் சட்டத்தின் கீழ் அரசின் கண்காணிப்பில் இருக்கின்றன. சுரங்க ரயில் சம்பவமே தெரியாத வயதினரை யோகா வகுப்பு, மனவள வகுப்பு என்ற பெயரில் சேர்ப்பதாகப் புகார் தொடர்கிறது.

நிலைய அதிகாரி தகஹாஷியின் மனைவி ஷிசுவே பாதிக்கப்பட்டோர் அமைப்பை நடத்திப் பல ஆண்டுகள் போராடினார். அரசே நிவாரணம் தரும் சட்டம் 2008-இல் வந்தது. அலெஃப் சுமார் நூறு கோடி யென் இழப்பீடு தரவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெரும்பகுதி இன்னும் பாக்கி.